இடப்பக்கத்து பேரிங்

இவ்வரலாற்றை எனக்குக் கூறியவர் திருவாரூர் மாவட்டம் பாமணிக்குடியைச் சேர்ந்த தையல்நாயகி. அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கேட்ட நாள் 2018ஆம் ஆண்டு பங்குனி பன்னிரண்டு. கேட்ட இடம் மன்னார்குடி செல்லும் பேருந்து. நீடாமங்கலம் ரயில்வே கேட் அடைத்துக் கிடந்ததால் போதிய நேரம் வாய்த்தது. ஓரகத்திகளைப் பற்றி வழங்கும் கதைகளைத் தொகுத்து வருவதாக நான் சொன்னதும், “கதை எதுக்குங்கய்யா, நடந்ததையே சொல்றேன்” என்று தொடங்கினார். ஓரகத்தி என்று அவர் குறிப்பிட்டது கணவரின் தம்பி மனைவியான மங்கையர்க்கரசியை. சொன்ன வரிசையை நான் மாற்றவில்லை. வினைமுற்றுகளை மட்டும் எழுத்து வழக்குக்கு நெருக்கமாக்கியிருக்கிறேன். பிறர் பேச்சாக அவர் நடித்துக் காட்டியவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.

*

எனக்குப் பொறாமை கிடையாது ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறாமைக்காரியாக இருந்தால் மங்கை வீட்டுப் பூசணிக்கொடி என் கூரையில் ஏறிய அன்றே வெட்டி எறிந்திருப்பேன். எறிந்தேனா? இல்லை. காயை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் கூரையில் காய்த்தது என்னுடையதுதானே.

நான் அந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து வந்தவள் அவள். நான் வந்தபோது கிணற்றடியில் சேறு. அவள் வந்தபோது சிமெண்டுத் தரை. என் மாட்டுக்கும் அவள் மாட்டுக்கும் ஒரே டாக்டர்தான் ஊசி போட்டார், ஒரே நாளில். அவள் மாடு கிடேரி போட்டது. என் மாடு காளைக்கன்று போட்டது. அடுத்த ஈத்தும் அப்படியே. மகளிர் குழுவுக்குத் தலைவி வேண்டும் என்றபோது பதினெட்டுப் பேரும் அவள் பக்கமே திரும்பினார்கள். நானும் கை தூக்கினேன். தூக்காமல் இருந்தால் என்னவோ என்று பேசுவார்கள்.

எனக்கென்று இருந்தது இரண்டே இரண்டு ஐயா. ஒன்று கை. எங்கள் ஊரில் நாற்றங்காலுக்கு முதல் பிடி விதையை என் கையால்தான் போடச் சொல்வார்கள். என் கை பட்டால் முளைப்பு தப்பாது என்று பேர். இன்னொன்று காது. ஆறு வருஷம் ஆத்தூர்க்காரர் ஒருவருடைய கட்டு மிஷினோடு வேலைக்குப் போனேன். கட்டு மிஷின் பார்த்திருப்பீர்கள். அறுப்பு மிஷின் நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலை வரிசையாகக் கக்கிவிட்டுப் போகும். டிராக்டருக்குப் பின்னால் கட்டு மிஷினை மாட்டி அந்த வரிசைமேல் ஓட்டினால், அதன் பல் வைக்கோலை வாரி உள்ளே தள்ளும். உள்ளே ரோலர்கள் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டும். சணல் கயிறு சுற்றிக்கொள்ளும். பின்கதவு திறக்கும். கட்டு உருண்டு விழும். கயிறு மாட்டுவதும், ரோலர் முனையில் சுற்றிய வைக்கோலை மிஷின் நிற்கும்போது அறுத்தெடுப்பதும் என் வேலை. ஆறு வருஷம் பக்கத்திலேயே நின்றால் தெரியாதா? செயின் தளர்ந்தால் ஒரு சத்தம். பல் வளைந்தால் ஒரு சத்தம். பேரிங் கெடப்போகிறது என்றால் அதற்கு முன்னாலேயே ஒரு சத்தம். ஆத்தூர் டிரைவர் காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டு என்னைத்தான் பார்ப்பான். “இன்னிக்கு என்னம்மா சொல்லுது?” என்பான். நான் சொன்னது தவறியதில்லை.

சொந்தமாக ஒரு மிஷின் வாங்கலாம் என்று மூன்று வருஷமாக எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வைரக்கண்ணு என்று பேர், வைரமும் இல்லை கண்ணும் இல்லை. “நமக்கெதுக்குடி பெரிய எடத்து வேலை” என்பார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். மூன்று வருஷம் ஐயா. மங்கை ஒருநாள் காலையில் கெண்டை ஆய்ந்துகொண்டே, “ஏங்க, ஒரு கட்டு மிஷின் வாங்கினா என்ன?” என்றாள். சாயங்காலத்துக்குள் என் கொழுந்தன் கலியமூர்த்தி நான்கு பேரிடம் விசாரித்துவிட்டான். என் ஆசை ஐயா அது. என் வாயில் மூன்று வருஷம் கிடந்து காய்ந்தது, அவள் வாயில் ஒரு பகலில் பழுத்துவிட்டது. பொறாமை இல்லை. கேட்டால் யாருக்கும் வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

எருக்கலாங்குடியில் பக்கிரிசாமி என்பவரிடம் பழைய மிஷின் ஒன்று இருப்பதாகத் தகவல். மூன்று சீசன் ஓடியது. முதுகு வலி, இனி டிராக்டரில் உட்கார முடியாது, அதனால் விற்கிறார். மங்கை நேரே என்னிடம் வந்தாள்.

“அக்கா, நீங்க வந்து காது குடுத்துக் கேட்டாத்தான் வாங்குவேன். இல்லாட்டி வேணாம்.”

“எனக்கென்னடி தெரியும், நான் வைக்கோல் அறுத்துப் போட்டவ” என்றேன்.

“அதான் தெரியுமே” என்றாள்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? புகழ்கிறாளா, நீ கூலிக்குப் போனவள் என்று குத்துகிறாளா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் போனேன். குடும்பத்துக்காக.

மார்கழி கடைசி வெள்ளி. நாலு பேரும் போனோம். மிஷின் களத்தில் நின்றது, பச்சைப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று. கலியமூர்த்தி சுற்றி வந்து மூக்கைச் சுருக்கினான்.

“என்னங்க, பெயின்ட் ஈரம்கூடக் காயலையே?”

“பொண்ணு பாக்க வர்றப்ப பவுடர் போடுறதில்லையா தம்பி?” என்றார் பக்கிரிசாமி.

“பவுடருக்கு அடியில அம்மைத் தழும்பு இருந்தா?”

“கட்டிக்கிட்டவன் பாத்துக்க வேண்டியதுதான்.”

எங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி குனிந்து மிஷினுடைய பல்லை ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணிவிட்டு, “ரெண்டு பல்லு போயிருக்கு” என்று எனக்கே சொல்கிறார். அது தூரத்திலிருந்தே தெரிகிறது. பல் போனால் பல் வாங்கி மாட்டலாம். ஆண்பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதைத்தான். டயரை உதைத்தார்கள். கதவைத் திறந்து மூடினார்கள். செயினை அசைத்தார்கள். எல்லாம் பார்த்துவிட்டு, பக்கிரிசாமியும் சேர்த்து நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

டிராக்டரை மாட்டிக் கிளப்பச் சொன்னேன். வைக்கோல் போடாமல் வெறுமனே ஓடட்டும் என்றேன். வயிறு நிறைந்திருந்தால் மிஷின் உண்மை பேசாது, அது உங்களுக்குத் தெரியாது. பெரிய திருப்புளி ஒன்று கேட்டு வாங்கினேன். அதன் இரும்பு முனையை பேரிங் மூடிமேல் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டால் உள்ளே நடப்பது அவ்வளவும் காதுக்குள் வந்துவிடும். ஆத்தூர்க்காரருடைய மெக்கானிக் சொல்லிக்கொடுத்த வித்தை. வலப்பக்கம் முழுவதும் கேட்டேன். சுத்தம். இடப்பக்கம் கீழே கேட்டேன். சுத்தம். இடப்பக்கம் நடு ரோலர்.

பாடியது ஐயா.

மெல்ல. வண்டு தொண்டைக்குள் பாடுகிற மாதிரி. நடு நடுவே ஒரு சின்னக் கரகரப்பு. உள்ளே குண்டு ஒன்று தேய ஆரம்பித்துவிட்டது. வைக்கோல் தூசியில், வெயிலில், நாள் முழுக்க ஓடினால் இருபது நாள் தாங்கும். அப்புறம் சூடேறும். சூடேறிய பேரிங் பக்கத்தில் காய்ந்த வைக்கோல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆத்தூர்க்காரருடைய ஒரு மிஷின் அப்படித்தான் வயலிலேயே கரியானது.

நிமிர்ந்தேன். மங்கை என் முகத்துக்கு நேரே நின்றாள். “என்னக்கா சொல்லுது? வாங்கலாமா?”

வாங்கலாம் என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? வாங்கலாம்தான். பணம் இருக்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். பேரிங் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேனா? சொல்லியிருப்பேன்.

அப்போதுதான் அவள் அந்த வேலையைச் செய்தாள். அச்சாரப் பணத்தை வெற்றிலையில் வைத்து என்னிடம் நீட்டுகிறாள். “அக்கா கையால குடுக்கட்டும். முதல் விதை போடுற கை.”

“இந்தாடி, நீ வாங்குறது, நீயே குடு” என்றேன்.

“குடுங்கம்மா, ராசியான கைன்னா எனக்கும் முதுகுவலி போகும்” என்று பக்கிரிசாமி இரண்டு கையையும் ஏந்திவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் வேறு, “குடேன், அதுக்கு என்ன வெக்கம்” என்கிறார். கொடுத்தேன். எங்கள் பக்கம் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். யார் கையால் அச்சாரம் போகிறதோ, அந்தக் கையோடு பொருள் கட்டுப்பட்டது. நன்றாக நடந்தாலும் கெட்டுப்போனாலும் அந்தக் கையைத்தான் சொல்வார்கள்.

வீட்டுக்குத் திரும்பினோம். ஊர் எல்லையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். “தையல்நாயகி கை குடுத்து வாங்குன மிஷினா? அப்ப சரி.” அந்த மிஷின் நடுவயலில் நின்றால் இனி எவன் என்னை முதல் விதைக்குக் கூப்பிடுவான்? எனக்கு இருந்த இரண்டில் காதைக் கேட்டு வந்து, கையை மாட்டிவிட்டாள் பாருங்கள். நான் சொல்லாமல் விட்டது ஒரு வார்த்தை. அதற்கு அவள் என் கையையே எடுத்துக்கொண்டாள்.

வேறு வழி? மிஷினோடு நானே வருகிறேன் என்றேன். கயிறு மாட்டுகிற வேலைக்கு. மங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அக்கா கூட இருந்தா எனக்கென்ன கவலை” என்றாள். அவளுக்கென்ன கவலை! கவலை எல்லாம் எனக்கல்லவா.

தை பத்திலிருந்து மாசி கடைசி வரை ஐயா. காலையில் எல்லோரும் ஒருதரம் கிரீஸ் அடிப்பார்கள். நான் நாலு தரம் அடித்தேன். யாரும் பார்க்கக் கூடாதே. கிரீஸை ஒரு பழைய தூக்கில் போட்டு, மேலே துணி மூடி, மோர் என்று சொல்லி வைத்திருந்தேன். கலியமூர்த்தி ஒருநாள் தாகத்தில் மூடியைத் திறக்கப் போனான். “எச்சில் பட்ட மோருப்பா” என்று பிடுங்கிக்கொண்டேன். பத்துக் கட்டு விழுந்ததும் எதையாவது சொல்லி வண்டியை நிறுத்துவேன். கயிறு சிக்கிவிட்டது என்பேன். செருப்பு அறுந்தது என்பேன். ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்பேன். நிறுத்தினால்தான் அந்த மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க முடியும். கை பொறுக்கிறதா, ஓட்டலாம். பொறுக்கவில்லையா, இன்னொரு சாக்குச் சொல்லி ஆறவிட வேண்டும்.

“அண்ணிக்குச் சக்கரை இருக்கு போல” என்று கலியமூர்த்தி ஊரெல்லாம் சொன்னான். “நிமிஷத்துக்கு ஒருதரம் எறங்குறாங்க.” ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள், சோதனைக்கு ரத்தம்கூடக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் என் புடவையைப் பார்த்துவிட்டு, “நீ என்ன ரைஸ் மில்லுலயா வேலை பாக்குற?” என்றார். சோற்றில் கிரீஸ் வாடை. உள்ளங்கை இங்கே பாருங்கள், இந்த இடம், கன்றிப்போனது இன்னும் ஆறவில்லை. ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண் இவ்வளவு செய்வாளா?

செய்ததற்குப் பலன் என்ன? ஐம்பது நாளில் பக்கத்து மூன்று ஊரில் இருந்த கட்டு மிஷின் எல்லாம் ஒருதரமாவது நின்றது. இது நிற்கவில்லை. ஊர் என்ன சொன்னது? “மங்கை தொட்டா துலங்குது.” மங்கை! கேட்டுக்கொண்டே நிற்கிறேன், கையில் கிரீஸோடு. கெட்டால் என் கை, நடந்தால் அவள் ராசி. இது எந்த ஊர் நியாயம் ஐயா? நான்தான் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லவும் முடியாது. எதைப் பார்த்துக்கொண்டாய் என்று கேட்பார்களே.

சீசன் முடிந்தது. சரி, தொலைந்தது என்று நினைத்தேன். போன வாரம் வந்து சொல்கிறாள், “அக்கா, இதைக் குடுத்துட்டுப் பெரிசா புதுசு ஒண்ணு வாங்கப் போறேன். புதன்கிழமை பட்டுக்கோட்டைப் பக்கத்துலேர்ந்து வந்து பாக்குறாங்க. நீங்க நின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.” புதுசு. சிவப்பு மிஷின், படத்தை போனில் காட்டினாள். நான் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் நான் அப்புறம் செய்ததற்கும் சம்பந்தமில்லை.

வந்தவர்கள் புருஷன் பெண்டாட்டி. அவன் வழக்கம்போல டயரை உதைத்தான். அவள் விவரமானவள். நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த மிஷினுக்கு நீங்கதான் காதுன்னு சொல்றாங்க. ஒரு பொம்பளை கேக்குறேன், உள்ளதைச் சொல்லுங்கக்கா. இருந்த நகையெல்லாம் வெச்சுத்தான் வாங்க வந்திருக்கோம்.”

பாவமாக இருந்தது ஐயா. உண்மையைச் சொல்ல இந்த உலகத்தில் ஒரு ஆள் வேண்டாமா? “இடப்பக்கம் நடு ரோலர் பேரிங் தேய்ஞ்சிருக்கு” என்றேன். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

“எத்தனை நாளா?” என்றாள்.

“வாங்குன நாள்லேர்ந்து.”

வாய் தவறிவிட்டது. கலியமூர்த்தி திரும்பி, “அண்ணி?” என்றான். எங்கள் வீட்டுக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். என் காதில் எதுவுமே கேட்கவில்லை.

மங்கை சிரித்தாள் ஐயா. நிதானமாக வந்து அந்தப் பெண்ணிடம் சொல்கிறாள், “ஆமாங்க. அது வாங்குறப்பவே எனக்குத் தெரியும். அதுக்குத்தான் அக்காவைக் கூடவே வெச்சிருந்தேன். ஒரு நாள் நின்னிச்சா கேளுங்க. நாளைக்கே புது பேரிங் போட்டு, உங்க கண்ணு முன்னாடி நூறு கட்டு ஓட்டிக் காட்டித்தான் குடுப்பேன்.”

வந்தவள் முகம் மலர்ந்துவிட்டது. குறையைச் சொல்லி விற்கிறார்களே, இப்படி மனுஷர்களை எங்கே பார்ப்பது என்று புருஷனிடம் சொல்கிறாள். அங்கேயே அச்சாரம் கொடுத்தார்கள். மங்கைக்குச் சிவப்பு மிஷின் வருகிறது.

அது வரட்டும். வந்து ஓடட்டும். எனக்கு ஆறாதது வேறே. அவளுக்குத் தெரிந்திருக்கிறது! முதல் நாளிலிருந்து தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் வெயிலில் உள்ளங்கையைச் சுட்டுக்கொள்கிறேன், மோர் என்று கிரீஸைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன், சர்க்கரை வியாதிக்காரி என்று பேர் வாங்குகிறேன், இவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு மிஷினில் கோளாறு இருப்பது தெரிந்தும், கூடப் பிறந்தவள் மாதிரி பழகுகிறவளிடம் சொல்லாமல் மறைக்க ஒரு பெண்ணுக்கு எப்படி ஐயா மனசு வரும்? நீங்கள் படித்தவர். சொல்லுங்கள், எப்படி வரும்?

*

தையல்நாயகி கூறிய பாடம் இவ்வளவே.

எருக்கலாங்குடியில் இதன் முடிவு வேறு. அவ்வூரார் மூவர் 2018 வைகாசியில் கூறியபடி, மூத்தவள் இறுதிவரை வாய் திறக்கவில்லை. மாசி மாதம் மூன்றாம் வயலில் மிஷின் தீப்பற்றி எரிந்தது. அதன்பின் யாரும் அவளை முதல் விதைக்கு அழைப்பதில்லை. மிஷினை விற்ற பக்கிரிசாமியின் ஊர் அது என்பதையும், தம் ஊர் மிஷின் கெட்டதற்கு வாங்கியவர் கையே காரணம் என்று நிறுவும் நோக்கம் இப்பாடத்தில் தெரிவதையும் கருத்தில் கொள்ள வேண்டும். பாமணிக்குடியில் மிஷின் எரிந்ததாக எவரும் கூறவில்லை.

மூன்றாம் பாடம் மங்கையர்க்கரசி கூறியது. 2019 ஆடி ஆறாம் நாள், அவர் வீட்டு வாசலில், சிவப்பு மிஷினின் பின்கதவைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நிகழ்ச்சிகளின் வரிசை முழுவதும் தையல்நாயகி பாடத்தோடு ஒத்துச் செல்கிறது. ஓரிடத்தில் மட்டும் வேறுபடுகிறது. பேரிங் தேய்ந்திருப்பது வாங்கும்போதே தமக்குத் தெரியும் என்பது பொய் என்றார். அந்தப் புதன்கிழமை பட்டுக்கோட்டைப் பெண் கேட்டு, மூத்தவர் வாய் திறக்கும் வரை தமக்கு ஒன்றுமே தெரியாதாம்.

பிறகு ஏன் தெரியும் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். துடைப்பதை நிறுத்தாமல் அவர் சொன்ன விடையைச் சொல் மாற்றாமல் தருகிறேன்.

“தெரியாதுன்னு சொல்லி, அக்காகிட்ட நான் ஏமாந்தேன்னு ஊரே சிரிக்கவா? அதுக்கு அந்த மிஷின் எரிஞ்சே போயிருக்கலாம்.”